பைத்தான் இன்ஸ்டாலர்ல எந்தெந்த டிக் வைக்கணும்? எல்லா லாகின்லயும் ஓடணும்

வணக்கம் மக்களே. திருமங்கலம் பக்கம் சின்னதா கம்ப்யூட்டர் சென்டர் நடத்துறேன், 14 மெஷின், எல்லாம் விண்டோஸ் 10, 4 ஜிபி ராம், போன மாசந்தான் பைத்தான் 3.12 போட்டோம். காலை பேட்ச், சாயங்கால பேட்ச்னு தனித்தனி லாகின், அட்மின் என்கிட்ட மட்டும்.

சும்மா 'இன்ஸ்டால் நவ்' அமுக்குனா என் யூசருக்குள்ள ஆப்டேட்டா ஃபோல்டர்ல போய் உக்காந்துக்குது. பிள்ளைங்க லாகின்ல கமாண்ட் ப்ராம்ப்ட்ல பைத்தான்னு அடிச்சா மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் தொறக்குது, ஒரு பய அங்கயே கேம் தேட ஆரம்பிச்சுட்டான்.

செட்டிங்ஸ்ல, பைத்தான்னு அடிச்சா ஸ்டோருக்குத் திருப்பி விடுற அந்த ஏலியாஸை ஆஃப் பண்ணேன், இப்ப அப்படி ஒரு கமாண்டே இல்லைங்குது. பாத்-ல (கமாண்டை விண்டோஸ் தேடுற ஃபோல்டர் லிஸ்ட்) கையால சேத்தும் பாத்தாச்சு, என் ஃபோல்டரைத் தொட அந்த லாகினுக்கு பர்மிஷன் இல்ல.

ஒரு மெஷின்ல மட்டும் கஸ்டமைஸ் போயி 'ஆல் யூசர்ஸ்', பாத் ரெண்டுக்கும் டிக் வச்சு ப்ரோக்ராம் ஃபைல்ஸ்ல போட்டேன், ஜம்முனு ஓடுது, ஆனா பிள்ளைங்க பிப்-ல (பைத்தான் பேக்கேஜ் எறக்குற கமாண்ட்) பாண்டாஸ்ங்குற டேட்டா பேக்கேஜைப் போட்டா ஒவ்வொரு லாகினுக்கும் தனியா எறங்குது, இங்க நெட்டு இருக்குற லட்சணத்துக்கு அது வேலைக்கு ஆகாது. நேரா சி டிரைவ்ல ஃபோல்டர் போட்டா யாரு வேணா எழுதலாம், ஒருத்தன் எதையாச்சும் அழிச்சு வச்சா அடுத்த பேட்ச் அம்பேல். அதுல எனக்கு இஷ்டமில்ல.

குவயட் மோட்ல (எதுவும் கேக்காம தானா இன்ஸ்டால் ஆகுறது) எல்லா மெஷினுக்கும் ஒரே மாதிரி போட்டுடலாம்னு இருக்கேன். லேப் வச்சிருக்குறவங்க சொல்லுங்க: ஆல் யூசர்ஸ் போட்டு பேக்கேஜை நானே அட்மின்ல எறக்கி வச்சுடுறதா, இல்ல ஆரம்பத்துலயே பிள்ளைங்களுக்கு வென்வ் (ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் தனி பேக்கேஜ் ஃபோல்டர்) பழக்கிடுறதா?