அடுத்தது என்ன என்று காட்டாவிட்டால் பள்ளிச் சான்றிதழ் இல்லையா?

வடகரையான்

இங்கே அமெரிக்காவில் எங்கள் பள்ளி மாவட்டக் குழு அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொருவரும் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் காட்ட வேண்டும். கல்லூரி அனுமதிக் கடிதம், தொழிற்பயிற்சியில் சேர்ந்ததற்கான தாள், ராணுவத்தில் சேர்ந்ததற்கான தாள், வேலை உத்தரவு, இவற்றில் ஏதாவது ஒன்று. காட்டாவிட்டால் இறுதிச் சான்றிதழ் கிடையாது. சிகாகோவில் ராம் இமானுவேல் மேயராக இருந்தபோது 2017இல் கொண்டுவந்து, 2020இல் படிப்பை முடித்த மாணவர்களிலிருந்து தொடங்கிய விதியைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கூடவே, மத்திய அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா படிவத்தையும் எல்லோரும் நிரப்ப வேண்டுமாம்.

நான் இதை எதிர்க்கிறேன். பாடங்களில் தேறிய பிள்ளைக்குச் சான்றிதழ் என்பது செய்த வேலைக்குக் கூலி. கூலியைக் கையில் பிடித்துக்கொண்டு, "நாளை எங்கே போகிறாய் என்று சொல், பிறகு தருகிறேன்" என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. அதிலும் சிகாகோவில் பள்ளி முடித்த எவரையும் நகரத்துச் சமுதாயக் கல்லூரிகள், அதாவது ஈராண்டுப் படிப்பு தரும் பொதுக் கல்லூரிகள், சேர்த்துக்கொள்கின்றன. அப்படியானால் அந்தக் கடிதம் எதற்கு ஆதாரம்? ஒரு விண்ணப்பத்தை நிரப்பத் தெரியும் என்பதற்குத்தான்.

என் மகள் அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு. அவளுக்கு இதனால் தொல்லை எதுவும் வராது. வரப்போவது யாருக்கு என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

தேன்சிட்டு

ஐயா, நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். உங்களுக்கு நேர் எதிராகச் சொல்கிறேன்: இந்தக் கட்டாயம் மாணவர்களைவிட எங்களுக்குத்தான் அதிகம் தேவை.

ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர்கள் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. 2022–23இல் நாட்டுச் சராசரி 385. இதில் என் அக்டோபர் மாதம் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் எழுதும் கட்டுரைக்கு 650 சொல் வரம்பு. அதைத் திரும்பத் திரும்பத் திருத்தி எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கும் பிள்ளைகள் யார் தெரியுமா? வீட்டில் தாய் தந்தை இருவரும் பட்டதாரிகளாக இருப்பவர்கள். நவம்பர் 1 முன்கூட்டிய விண்ணப்பக் கெடு என்பது அவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே தெரியும். என் நேரம் முழுவதையும் அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். குற்றம் சொல்லவில்லை, அவர்கள் கேட்கிறார்கள், நான் கொடுக்கிறேன். கேட்காதவன் கடைசி வரிசையில் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஜூன் மாதம் மேடையில் கை குலுக்கும்போதுதான் அவன் பெயரைச் சரியாகத் தெரிந்துகொள்கிறோம்.

விதி வந்தால், ஜனவரியில் பள்ளி முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "எதுவுமே இல்லாதவர்கள் பட்டியல் எங்கே?" என்று கேட்பார். அந்தப் பட்டியல் இன்று எந்தப் பள்ளியிலும் யார் மேசையிலும் இல்லை.

ஃபாஃப்சா விஷயத்தில் லூசியானாவைப் பாருங்கள். 2018இல் முடித்த மாணவர்களிலிருந்து அதைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் அது. நிரப்பியவர்கள் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தது. பிறகு இலினாய், டெக்சாஸ், கலிபோர்னியா எல்லாம் பின்தொடர்ந்தன. வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகை 2024–25இல் ஆண்டுக்கு 7,395 டாலர் வரை. திருப்பிக் கட்ட வேண்டாத பணம். படிவத்தை நிரப்பாதவருக்கு அதில் ஒரு காசு கிடையாது.

வடகரையான்

அதே லூசியானா 2024இல் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், அம்மா.

தேன்சிட்டு

கைவிட்டது. படிவத்தால் பிள்ளைகளுக்குக் கெடுதல் வந்தது என்று யாரும் நிரூபித்துக் கைவிடவில்லை. குடும்ப வருமானத்தை அரசு ஏன் கேட்க வேண்டும் என்ற எதிர்ப்பு பெரிதாக இருந்தது. விருப்பமில்லாத பெற்றோர் கையெழுத்துப் போட்டு விலகிக்கொள்ள அங்கே முதலிலிருந்தே வழி இருந்தது, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கார்மேகம்

இரண்டு பேரும் ஒரு கூட்டத்தையே மறந்துவிட்டீர்கள். எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாவில் வந்தவர்களின் குடும்பத்துக்குத் தரும் விசாவில், இருக்கும் பிள்ளைகள். என் மகன் நான்கு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவன். எங்கள் கிரீன் கார்டு வரிசை நகரும் வேகம் உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான்.

இந்த விதியில் உள்ள கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்போம். வேலை உத்தரவா? எச்-4 பிள்ளை சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. கடையில் பில் போடக்கூட முடியாது. தொழிற்பயிற்சியா? அதுவும் சம்பளம் வாங்கும் வேலைதான், மூடியாயிற்று. ராணுவமா? குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். மிச்சம் இருப்பது கல்லூரி. அதற்கு மத்திய அரசின் உதவித்தொகையும் இல்லை, கடனும் இல்லை. ஃபாஃப்சா நிரப்பினாலும் தகுதி இல்லை என்றுதான் பதில் வரும். அந்த மாநிலத்தில் வசிப்பவருக்குரிய குறைந்த கட்டணம் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. 21 வயதில் எச்-4 முடிந்துவிடும், மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், இல்லாவிட்டால் வெளியேற வேண்டும்.

"உனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடு" என்று சுவரெல்லாம் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அவனுக்கு வேண்டியது எந்த வழி சட்டப்படி திறந்திருக்கிறது என்று சொல்லத் தெரிந்த ஓர் ஆள். அவன் பள்ளியில் அப்படி ஒருவர் இல்லை. விசா என்றதும், "வெளிநாட்டு மாணவர் பிரிவைக் கேளுங்கள்" என்றார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் இதே மாவட்டத்தில் படித்தவனை!

எட்டுக்கால்

கட்டுமானத் துறையில் மின்பணி ஒப்பந்த நிறுவனத்தில் இருக்கிறேன். தொழிற்பயிற்சியைப் பற்றி இங்கே போகிற போக்கில் பேசுகிறார்கள், அது கல்லூரி கிடைக்காதவனுக்கு வாய்த்த மாற்று ஏற்பாடு என்பது போல. நம் ஆட்கள் கூடும் இடங்களில் எல்லாம் இதே தொனிதான். மகன் எலக்ட்ரீஷியன் ஆகப்போகிறான் என்று ஒருவர் சொன்னால், அடுத்தவர் முகத்தில் துக்கம் விசாரிக்கும் பாவம் வந்துவிடுகிறது.

தொழிற்சங்கமும் ஒப்பந்தக்காரர்களும் சேர்ந்து நடத்தும் மின்பணிப் பயிற்சி பொதுவாக ஐந்து ஆண்டுகள். முதல் நாளிலிருந்தே சம்பளம், ஆண்டுதோறும் உயர்வு. ஆனால் உள்ளே நுழைய அல்ஜீப்ராவில் தேர்ச்சி வேண்டும். நுழைவுத் தேர்விலும் அல்ஜீப்ராவும் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனும்தான். "கணக்கு வராது, அதனால் கைத்தொழிலுக்குப் போ" என்று பிள்ளையை அனுப்பும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஒருநாளாவது ஒரு பயிற்சி மையத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். மின்கம்பி செல்லும் குழாயை வளைக்கும்போது கோணக்கணக்கு தப்பினால் குழாய் குப்பைக்குப் போகும்.

இப்போது தீர்மானத்துக்கு வருகிறேன். அந்தப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் பள்ளி இறுதிச் சான்றிதழோ அதற்குச் சமமானதோ வேண்டும். சேர்ந்த கடிதம் இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாவிட்டால் சேர்க்கை இல்லை. இதை எழுதியவர்கள் யாரையாவது கேட்டார்களா?

தேன்சிட்டு

சிகாகோ விதியில், தொழிற்பயிற்சிக்குத் தயார்படுத்தும் முன்பயிற்சித் திட்டங்களில் சேர்ந்திருந்தாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். நீங்கள் சொல்லும் முடிச்சு அவிழ்க்க முடியாதது அல்ல.

எட்டுக்கால்

அவிழ்க்கலாம். ஆனால் மே மாதத்தில் கையில் எதுவும் இல்லாமல் நிற்கும் பிள்ளைக்கு அது உதவாது. அவன் செப்டம்பரில் மனம் மாறி விண்ணப்பிக்க வந்தால், சான்றிதழைப் பள்ளி வைத்திருக்கும். யாருக்கு உதவுவதாகச் சொல்கிறீர்களோ அவனைத்தான் வெளியே நிறுத்துகிறீர்கள்.

தும்பி

கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். பெரியவர்கள் பேசும் இடத்தில் ஒரு தகவல். பன்னிரண்டாம் வகுப்பில் எங்களுக்கும் "திட்டம்" கேட்டார்கள். ஒரு பீரியட் முழுவதும் கணினியில் விருப்பத் தேர்வு எழுத வைத்தார்கள். ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் 1959இல் முன்வைத்த கோட்பாட்டிலிருந்து வந்த ஆறு வகைகளில் நாம் எதில் சேருவோம் என்று அது சொல்லும். எனக்கு வனப் பாதுகாவலர் என்று வந்தது. பக்கத்தில் இருந்தவனுக்கும் வனப் பாதுகாவலர்தான், என்னைப் பார்த்து எழுதினான். மணி அடித்தது, மூடிவிட்டுப் போனோம். அந்த முடிவை வைத்துக்கொண்டு யாரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் பள்ளியின் கணக்கில் எல்லோருக்கும் "திட்டம் முடிந்தது" என்று பச்சைக் குறி விழுந்துவிட்டது.

வடகரையான்

இந்தப் பச்சைக் குறியைத்தான் நான் முதலிலிருந்தே சொல்கிறேன்.

புன்னைமரம்

சமுதாயக் கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். இரு தரப்பும் மே மாதத்திலேயே நின்றுவிட்டீர்கள். எங்களுக்குச் சிக்கல் தொடங்குவது ஜூனில்.

கல்லூரிக்குப் போகிறேன் என்று கடிதம் வாங்கி, இடத்தையும் உறுதி செய்துவிட்டு, இலையுதிர் பருவத்தில் வராமலே போகும் மாணவர்களுக்கு ஆய்வாளர்கள் "கோடைக் கரைவு" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெஞ்சமின் கேசில்மன், லிண்ட்சே பேஜ் இருவரும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். கல்லூரி செல்ல எண்ணியவர்களில் 10 முதல் 20 சதவீதம் வரை இப்படிக் கரைகிறார்கள் என்பது அவர்களுடைய கணிப்பு. குறைந்த வருமானக் குடும்பங்களில் இன்னும் அதிகம். நீங்கள் கேட்கும் கடிதம் இவர்கள் எல்லோரிடமும் இருக்கிறது.

எதில் தடுக்கி விழுகிறார்கள் என்று பாருங்கள். ஜூலையில் முதல் கட்டண ரசீது வருகிறது. அதில் மாணவர் மருத்துவக் காப்பீடு என்று பெரிய தொகை ஒன்று சேர்ந்திருக்கும். பெற்றோரின் காப்பீட்டில் பெயர் இருந்தால், இணையத்தில் ஒரு விலக்குப் படிவம் நிரப்பினால் அந்தத் தொகை போய்விடும். தெரியாத வீட்டில் ரசீதைப் பார்க்கிறார்கள், மொத்தத்தைப் பார்க்கிறார்கள், "இவ்வளவு நம்மால் முடியாது, அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று மடித்து வைத்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு வருபவர்கள் சிலர்தான். இன்னொரு வீட்டில் ஃபாஃப்சா விவரங்களைச் சரிபார்க்க வருமான வரிப் பதிவு கேட்டு மின்னஞ்சல் வந்திருக்கும். அது பள்ளி கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்குப் போயிருக்கும். பள்ளி முடிந்ததும் அந்த முகவரியை மூடிவிடுவார்கள். தாயோ தகப்பனோ கல்லூரிக்கு போன் செய்தால், கணக்கு மாணவர் பெயரில் இருக்கிறது, அவர் எழுதிக் கொடுக்காமல் உங்களிடம் பேச முடியாது என்பார்கள். சட்டம் அப்படி.

அப்போது அவர்களுக்கு யார் இருக்கிறார்? பள்ளி ஆலோசகரின் ஒப்பந்தம் ஜூனில் முடிந்துவிட்டது. கல்லூரி ஆலோசகருக்கு இவர் இன்னும் முகம் தெரியாதவர். தேன்சிட்டு அம்மா, உங்கள் பட்டியல் யோசனை நல்ல யோசனை. ஆனால் அதைச் சான்றிதழோடு கட்டிப் போட்டால், ஜூன் முதல் வாரத்தில் எல்லாப் பெயருக்கும் நேரே ஒரு தாள் இருக்கும், பள்ளி கதவைப் பூட்டிவிட்டுப் போய்விடும்.

தேன்சிட்டு

கோடையில் நான் சம்பளமில்லாமல் பதில் சொல்லும் குறுஞ்செய்திகளை நீங்கள் பார்த்ததில்லை, ஐயா.

புன்னைமரம்

அதைத்தான் சொல்கிறேன். அதற்குச் சம்பளம் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த ஆய்வாளர்கள் கோடையில் நினைவூட்டும் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தார்கள், ஆலோசகரை நேரடியாகத் தொடர்புகொள்ளவும் வைத்தார்கள். சில இடங்களில் சேர்ந்தவர்கள் எண்ணிக்கை கூடியது. பிற்பாடு இதே குறுஞ்செய்தியை நாடு முழுவதும் பெரிய அளவில், ஆள் முகம் தெரியாமல் அனுப்பியபோது அந்தப் பலன் வரவில்லை. இயந்திரம் அனுப்பும் செய்திக்கும் தெரிந்த ஆலோசகர் அனுப்பும் செய்திக்கும் உள்ள வித்தியாசம் பிள்ளைகளுக்குத் தெரிகிறது.

வடகரையான்

கூட்டத்தில் பேச மூன்று நிமிடம் தருவார்கள். இங்கே பேசியதை வைத்து மாற்றுத் தீர்மானம் ஒன்று எழுதியிருக்கிறேன். சான்றிதழை நிறுத்தி வைக்கும் பத்தி நீக்கம். அடுத்த திட்டம் எதுவும் இல்லாத மாணவர்களின் பட்டியலை டிசம்பருக்குள் தயாரிக்க வேண்டியது பள்ளியின் கடமை, பிள்ளையின் கடமை அல்ல. ஆலோசகர்களில் இருவருக்காவது ஆகஸ்ட் முடியும் வரை ஒப்பந்தம். மாணவரின் சொந்த மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் மே மாதத்திலேயே வாங்கி வைக்க வேண்டும்.

கார்மேகம்

விசா காரணமாக வேலையும் உதவித்தொகையும் மறுக்கப்பட்டவர்களுக்கு வழி சொல்லத் தெரிந்த ஒருவரை மாவட்ட அளவிலாவது நியமிக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். விலக்கு வேண்டாம். விலக்கு கொடுத்தால் பட்டியலிலிருந்தும் எடுத்துவிடுவார்கள்.

எட்டுக்கால்

ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ராவைப் பிடிக்கச் சொல்லி ஒரு வரி. பன்னிரண்டில் திட்டம் கேட்பது தாமதம்.

தேன்சிட்டு

எழுதுங்கள், வாசியுங்கள், கைதட்டுவார்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அவர்கள் கொண்டுவரும் விதிக்குச் செலவு இல்லை. நீங்கள் எழுதியதில் ஒவ்வொரு வரிக்கும் செலவு உண்டு. இரண்டு ஆலோசகர்களுக்குக் கோடைச் சம்பளம் என்றதும் நிதிக்குழுவுக்கு அனுப்புவார்கள், அது அங்கேயே கிடக்கும். தண்டனை இல்லாத பட்டியலை முதல்வர் டிசம்பரில் கேட்கவும் மாட்டார். உங்கள் தீர்மானம் நிறைவேறினால் முதலில் மகிழ்வது நான்தான். நிறைவேறாது என்று தெரிந்தால், ஓட்டைகள் இருந்தாலும் அந்த விதிக்கே ஆதரவாகப் பேசுவேன். எனக்கு அந்தப் பட்டியல் வேண்டும்.

வடகரையான்

அப்படியானால் கூட்டத்தில் நாம் இருவரும் எதிரெதிரே நிற்போம், அம்மா. செலவுக் கணக்கை எடுத்துக்கொண்டுதான் வருகிறேன். கோடையில் நீங்கள் சம்பளமில்லாமல் செய்யும் வேலையின் மணிநேரத்தைத் தோராயமாக அனுப்ப முடியுமா?

தேன்சிட்டு

அனுப்புகிறேன். என் பெயர் போடாமல்.