'பிக் லவ்' முடிச்சாச்சு, இப்ப பேசலாம்

குழு: மேலமாசி வீதி வீடு

மீனா சித்தி: ஒரு வழியா 'பிக் லவ்' முடிச்சிட்டேன். அஞ்சு சீசன், 53 பகுதி. மனசு இன்னும் ஆறல. கடைசிப் பகுதில அப்படி அழுதேன். ஆனா பில்லுக்காக அழல, பார்புக்காக.

பிரபு: சித்தி, நித்யா பாத்து முடிக்கல. கதையை உடைச்சிராதீங்க.

நித்யா: நான் முடிச்சிட்டேன் அண்ணா. அம்மா பேசட்டும்.

ராமநாதன் மாமா: நான் பாக்கவே இல்ல. யாரு இந்த பில், யாரு பார்ப்? ஒரு வாரமா இதே பேச்சா இருக்கு.

பிரபு: மாமா, அமெரிக்காவுல உட்டா மாநிலம், சால்ட் லேக் சிட்டி பக்கத்துல சாண்டினு ஒரு ஊர். பில் ஹென்ரிக்சன்னு ஒருத்தன் வீட்டுச் சாமான், ரிப்பேர் சாமான் விக்கிற பெரிய கடை வச்சிருக்கான். மூணு பொண்டாட்டி. பார்ப், நிக்கி, மார்ஜீன். வரிசையா மூணு வீடு, முன்னாடி மூணு வாசல், பின்பக்கம் மட்டும் வேலி இல்லாம ஒரே முற்றம். தெருவுக்குத் தெரிஞ்சா கேஸ், கடை போயிடும், அதனால எல்லாம் ரகசியம். எச்பிஓ டிவில 2006ல இருந்து 2011 வரைக்கும் ஓடுச்சு.

மீனா சித்தி: நிக்கியோட அப்பன் ரோமனை விட்டுட்டியே. அவன்தான் ஜூனிப்பர் கிரீக்னு ஒரு குடியிருப்புக்கு தீர்க்கதரிசி. பொண்ணுங்க போட்டோவை ஆல்பம் போட்டு வச்சிருக்கான் அண்ணே. யாரை எந்தக் கிழவனுக்குக் கட்டிவைக்கலாம்னு புரட்டிப் பாக்குறதுக்கு. பெத்த மகளையே அந்த ஆல்பத்துல வச்சவன்.

ராமநாதன் மாமா: சரி, அப்ப இது மார்மன்காரங்க கதை. அவங்க எல்லாருமே இப்படித்தானா?

கவிதா: மாமா, அதை மட்டும் இங்க வந்து கேட்டுறாதீங்க. நான் உட்டாவுல லீஹைல இருக்கேன், சுத்தி முக்கால்வாசிப் பேர் அந்த மார்மன் கிறிஸ்தவச் சபைதான். புதுசா குடி வந்தப்ப வீட்டுல சுட்ட ரொட்டியோட வந்து நின்னாங்க. காபி, டீ தொடமாட்டாங்க, ஞாயிறு ஆனா குடும்பத்தோட சபை. ஒரு வீட்டுக்கு ஒரு மனைவிதான். 1890லயே சபைத் தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப் இனிமே பலதார மணம் வேண்டாம்னு அறிவிச்சிட்டார். இப்ப யாராவது பண்ணா சபையை விட்டே நீக்கிருவாங்க. அந்த அறிவிப்பை ஏத்துக்காம பழைய வழியிலயே நின்ன கூட்டங்கதான் பில், ரோமன் எல்லாம்.

கவிதா: எங்க பக்கத்து வீட்டு அம்மா எங்கிட்ட ரொம்ப வருத்தமா சொன்னாங்க. எந்த ஊருக்குப் போனாலும் "உங்க வீட்டுக்காரருக்கு எத்தனை பேர்"னு கேக்குறாங்களாம். இந்தத் தொடர் மேல அவங்களுக்கு அதுதான் கோவம். 2009ல அவங்க சபைக் கோயிலுக்குள்ள நடக்குற சடங்கை ஒரு பகுதில காட்டுனாங்க இல்லையா, அது அவங்களுக்கு ரொம்பப் புனிதமானது, வெளில பேசவே மாட்டாங்க. சபை அறிக்கை விட்டுச்சு. யார் மனசாவது புண்பட்டிருந்தா மன்னிச்சிருங்கனு எச்பிஓ சொன்னாங்க, ஆனா ஒளிபரப்பத்தான் செஞ்சாங்க.

நித்யா: அக்கா, அந்தப் பகுதி இல்லன்னா எனக்கு பார்ப் புரிஞ்சே இருக்கமாட்டா. அவ அந்தப் பெரிய சபையில பொறந்து வளந்தவ. அவளை நீக்கப்போறாங்க, அதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை உள்ள போகணும்னு தவிக்கிறா. எதை இழக்கப்போறானு கண்ணால பாத்தாத்தான தெரியும்? ஆனா உங்க பக்கத்து வீட்டு அம்மா வருத்தமும் நியாயம்தான்.

ராமநாதன் மாமா: மார்மன்னு சொன்னதும் சட்டக் கல்லூரில படிச்சது ஞாபகம் வருது. ரெய்னால்ட்ஸ் வழக்கு, 1879. ஜார்ஜ் ரெய்னால்ட்ஸ், மார்மன் சபைத் தலைவர் பிரிகாம் யங்குக்குச் செயலாளரா இருந்தவர். ரெண்டு கல்யாணம் எனக்கு மதக் கடமைனு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். நீ எதை வேணா நம்பலாம், அதுல அரசு தலையிடாது, ஆனா செய்கைக்குச் சட்டம் உண்டுனு தீர்ப்பு. அதுக்கு அவங்க எடுத்த உதாரணம் எது தெரியுமா? புருஷன் சிதையில பொண்டாட்டி ஏறுறது. நம்ம ஊர் உடன்கட்டையை வச்சு உட்டாக்காரனுக்குத் தீர்ப்பு.

பிரபு: மாமா, நம்ம ஊர்லயும் அப்ப ரெண்டு கல்யாணம் சட்டப்படி செல்லும்தானே?

ராமநாதன் மாமா: சென்னை மாகாணத்துல 1949ல தடைச் சட்டம் வந்துச்சு, இந்துக்களுக்கு. அதை எதிர்த்தும் உயர் நீதிமன்றத்துல வாதாடினாங்க, 1952ல சட்டம் செல்லும்னு சொல்லிட்டாங்க. அதுக்கு முன்னாடி பெரிய வீடுகள்ல சாதாரணமா நடந்ததுதான். இருங்க, அம்மா பக்கத்துல இருக்காங்க, என்னமோ சொல்றாங்க. அப்படியே போடுறேன்.

ராமநாதன் மாமா: அம்மா சொல்றது: "எங்க பெரியாத்தாளுக்கு ஒரு சக்களத்தி இருந்தா. பிள்ளை இல்லன்னு பெரியாத்தாளே பொண்ணு பாத்துக் கட்டிவச்சா. ஊரே அவளைப் புகழ்ந்துச்சு. வேற என்ன செய்ய முடியும் அவளால? வேண்டாம்னா அந்த வீட்டுல அவளுக்கு இடம் ஏது?"

மீனா சித்தி: அம்மா ஒரே வரில சொல்லிட்டாங்க அண்ணே. பார்ப் கதை அதேதான். அவளுக்குப் புத்துநோய் வந்து கருப்பையை எடுத்தாச்சு. அந்தச் சமயத்துல வீட்டுல ஒத்தாசைக்குனு வந்தவதான் நிக்கி. உடம்பு முடியாம படுத்துக் கிடந்தவகிட்ட, நிக்கியைக் கட்டிக்க ஆண்டவன் சொல்லிட்டாருன்னு பில் சம்மதம் வாங்குறான். அவ சரினுதான் சொன்னா. அதை நான் சம்மதம்னு எடுத்துக்கமாட்டேன்.

பிரபு: சித்தி, பில்லைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. 14 வயசுல அவனை அந்தக் குடியிருப்புல இருந்து ரோட்டுல இறக்கிவிட்டுட்டாங்க. இது நிஜத்துலயும் நடந்தது. ஒரு கிழவன் பத்துப் பொண்ணைக் கட்டிக்கிட்டா மிச்சம் பையங்களுக்குப் பொண்ணு ஏது? அதனால ஏதாவது ஒரு சாக்கு, பாட்டு கேட்டான், பொண்ணுகிட்ட பேசினான்னு வெளில தள்ளிருவாங்க. தொலைஞ்ச பையங்கனே அவங்களுக்குப் பேரு. படிப்பு இல்ல, பணம் இல்ல, வெளி உலகம் சாத்தான்னு சொல்லியே வளத்த பிள்ளைங்க. அதுல இருந்து ஒருத்தன் கடை போட்டு, ரோமனை எதிர்த்து நின்னு, குடும்பத்தைத் தாங்குறான். அவனைக் கெட்டவன்னு என்னால சொல்ல முடியல.

மீனா சித்தி: அவன் பட்டது கொடுமைதான்டா, இல்லேங்கல. ஆனா அங்க இருந்து தப்பிச்சவன் அதே ஏற்பாட்டை நல்ல வீடு, நல்ல காரோட திரும்பக் கட்டுறான். நாலாவது சீசன்ல தேர்தல்ல நின்னு செனட்டர் ஆகி, மேடையில மூணு பேரையும் கூப்பிட்டு நிறுத்தி, இவங்கதான் என் மனைவிங்கனு அறிவிக்கிறான். அந்த மார்ஜீன் டிவில நகை வித்துச் சம்பாதிச்சிக்கிட்டு இருந்தா, அந்தப் பொழப்பு என்ன ஆகும்னு யோசிச்சானா?

நித்யா: முதல் சீசன் கடைசில பார்புக்கு நடந்ததை விடவா? சிறந்த தாய் விருதுக்கு அவ பேரைப் பரிந்துரை பண்ணியிருக்காங்க, ஆளுநர் மாளிகைல விழா. பலதாரக் குடும்பம்னு யாரோ சொல்லிக்குடுத்துட்டாங்க, அங்கயே பேர் போச்சு. ஜீன் டிரிப்பிள்ஹார்ன் முகத்தைப் பாக்க முடியல என்னால. விருது எல்லாம் நிக்கியா நடிச்ச க்ளோயி செவினிக்குத்தான் போச்சு, 2010 கோல்டன் குளோப். அவங்களும் பிரமாதம்தான், ஆனா ஜீனுக்கு ஒண்ணும் குடுக்காதது எனக்குப் பெரிய குறை.

பிரபு: நிக்கிதான் எனக்குப் பிடிச்ச ஆள். ஆரம்பத்துல கடன் அட்டையில வாங்கித் தள்ளி, கழுத்து வரைக்கும் கடன். இன்னும் பிள்ளை வேணும்னு எல்லாரும் எதிர்பாக்குறப்ப யாருக்கும் தெரியாம கருத்தடை மாத்திரை போடுறா. அவ்வளவு பக்தி பேசுறவ. சொந்தமா ஏதாவது ஒண்ணு தன் கையில இருக்கணும்னு நினைக்கிறா, பாவம்.

கவிதா: மாமா, பில் செனட்டர்னதும் ஒண்ணு சொல்லணும். அமெரிக்காவுலயே மாநில செனட்டுக்குத் தேர்வான முதல் பொண்ணு உட்டாக்காரங்க. மார்த்தா ஹியூஸ் கேனன். டாக்டர். ஆங்கஸ் கேனன்னு ஒருத்தருக்கு நாலாவது மனைவி. 1896 தேர்தல்ல அவங்க ஒரு கட்சி, புருஷன் எதிர்க்கட்சி. இவங்க ஜெயிச்சாங்க, அவர் தோத்தார்.

ராமநாதன் மாமா: நாலாவது மனைவியா? செனட்டரா?

கவிதா: ஆமா மாமா. உட்டாவுல பொண்ணுங்களுக்கு 1870லயே ஓட்டு. பலதார மணத்தை ஒடுக்க வாஷிங்டன்காரங்க 1887ல கொண்டுவந்த சட்டம் அந்த ஓட்டையும் சேத்துப் பிடுங்கிருச்சு. 1896ல மாநிலம் ஆனப்பத்தான் திரும்பக் கிடைச்சது. நடுவுல மார்த்தா கைக்குழந்தையோட இங்கிலாந்துக்குப் போய் ஒளிஞ்சிருந்தாங்க. பிரசவம் பாக்குற டாக்டர் இல்லையா, எந்த வீட்டுல யாருக்கு யார் மூலமா பிள்ளைனு கோர்ட்ல சாட்சி சொல்லச் சொல்வாங்க, சொன்னா பல குடும்பம் ஜெயிலுக்குப் போகும். அப்புறம் செனட்டரா இருக்கும்போதே 1899ல அவங்களுக்கு இன்னொரு குழந்தை. சபை விட்டுடுச்சுனு சொன்ன வழக்கம் இவங்க வீட்டுல இன்னும் நடக்குதுனு ஊருக்கே தெரிஞ்சு அரசியல் வாழ்க்கை அதோட முடிஞ்சது. 2024ல வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்துல சிலை வச்சிருக்காங்க.

மீனா சித்தி: இவங்க கதையை எடுத்திருந்தா நான் இன்னும் அஞ்சு சீசன் பாத்திருப்பேன்.

பிரபு: ஆனா ரோமன் மாதிரி ஆளுங்களும் நிஜம். வாரன் ஜெஃப்ஸ்னு ஒருத்தன், உட்டா, அரிசோனா எல்லையில ஒரு கூட்டத்துக்குத் தீர்க்கதரிசி. தொடர் ஆரம்பிச்ச அதே 2006லதான் பிடிச்சாங்க. 2011ல டெக்ஸாஸ்ல ஆயுள் தண்டனை. 12 வயசுப் பொண்ணு, 15 வயசுப் பொண்ணு சம்பந்தப்பட்ட வழக்கு.

ராமநாதன் மாமா: அப்ப இத்தனை வருஷம் போலீஸ் என்ன பண்ணுச்சு?

கவிதா: 1953லயே ஒரு தடவை போனாங்க மாமா, அந்தக் கூட்டம் இருந்த ஷார்ட் கிரீக்குங்கிற ஊருக்கு. 263 பிள்ளைங்களை அரசு தன் பொறுப்புல எடுத்துக் கொண்டுபோச்சு. அந்தப் போட்டோவைப் பாத்து ஜனங்க கொதிச்சுட்டாங்க. சோதனைக்கு உத்தரவு போட்ட அரிசோனா ஆளுநர் அடுத்த தேர்தல்ல தோத்தார். அதுக்கப்புறம் ரொம்ப காலம் யாரும் அந்தப் பக்கம் கை வைக்கல. அந்த பயம்தான் ரோமன்களுக்கு வேலி.

நித்யா: இதனாலதான் மார்ஜீன் விஷயத்தை என்னால மன்னிக்க முடியல. அஞ்சாவது சீசன்ல தெரியுது, கல்யாணத்தப்ப அவளுக்கு 16 வயசுதான். இத்தனை சீசனா சிரிச்சுக்கிட்டு இருந்த பொண்ணு. அது தெரிஞ்சதும் பழைய காட்சி எல்லாம் வேற மாதிரி ஆயிடுச்சு எனக்கு.

பிரபு: அவ வயசை மறைச்சிட்டா நித்யா. பில்லுக்குத் தெரியாது.

மீனா சித்தி: வீட்டுல பிள்ளை பாத்துக்க வந்த பொண்ணுடா அது. ஆண்டவன்கிட்ட அத்தனை கேள்வி கேக்குறவன், வயசு என்னம்மானு அவகிட்ட ஒரு தடவை விசாரிச்சிருக்கக் கூடாதா? ஆல்பம் இல்ல, அவ்வளவுதான் அவனுக்கும் ரோமனுக்கும் வித்தியாசம்.

பிரபு: அப்படிச் சொல்லாதீங்க சித்தி. தெரிஞ்சதும் உடைஞ்சு போனான் அவன்.

மீனா சித்தி: உடைஞ்சான். அனுபவிச்சது அவ.

ராமநாதன் மாமா: இப்ப சட்டம் எப்படி இருக்கு கவி?

கவிதா: 2020ல மாத்திட்டாங்க மாமா. பெரியவங்க விரும்பிச் சேந்து இருந்தா இப்ப சின்னக் குற்றம், அபராதத்தோட போயிடும். கட்டாயப்படுத்தினாலோ, வயசு வராத பொண்ணா இருந்தாலோ பழையபடி பெரிய குற்றம்தான். ஜெயில் பயம் போனா அடி வாங்குற பொண்ணுங்க தைரியமா போலீசுக்கு வருவாங்கனு சொல்லித்தான் கொண்டுவந்தாங்க. அந்தக் கூட்டங்கள்ல இருந்து தப்பிச்சு வந்த சில பொண்ணுங்க வேண்டாம்னு எதிர்த்தாங்க.

ராமநாதன் மாமா: கதவைத் திறந்து வைக்கிறது நல்லதுதான். புகார் சொல்ல வர்றவளையே குற்றவாளி ஆக்குற சட்டம் யாருக்கும் உதவாது.

மீனா சித்தி: அண்ணே, கதவு திறந்திருந்தா மட்டும் போதுமா? வெளில வந்தா எங்க தங்குவா, பிள்ளைங்களுக்கு யாரு சோறு போடுவா? அம்மா சொன்ன பெரியாத்தா கதைதான். பார்ப் படிச்சவ, வேலை பாத்தவ, அவளாலயே போக முடியல. ஞானஸ்நானம் வாங்கி வேற சபைக்குப் போறதுக்குத் தண்ணி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டா.

நித்யா: ஆனா திரும்பி வந்தவ சும்மா இல்லம்மா. பில் செத்ததுக்கு அப்புறம் அவன் ஆரம்பிச்ச சபையில முன்னாடி நிக்கிறது அவதான். மார்ஜீன் தனக்குப் பிடிச்ச வேலைக்கு வெளிநாடு கிளம்புறா. மூணு பேரும் கட்டிப் பிடிச்சு வழியனுப்புறாங்க. புருஷன் இல்லாமலும் அந்த வீடு நிக்குது. என்னைக் கேட்டா அவங்க மூணு பேருக்கும் நடுவுல இருந்ததுதான் இந்தக் கதைல நிஜமான கல்யாணம்.

மீனா சித்தி: அதை ஒத்துக்கிறேன்டி. அண்ணே, நீங்க முதல் சீசன் ஆரம்பிங்க. பார்பைப் பத்தி என்ன நினைக்கிறீங்கனு எனக்குத் தெரியணும்.

ராமநாதன் மாமா: சரி, பிரபு ஞாயித்துக்கிழமை வந்து டிவில போட்டுக் குடு. அம்மாவும் பாக்கணுங்கிறாங்க.