டயர் மாற்றிய பின் வீல் நட்டுகள் தளர்வது ஏன்?

கேள்வி:
வணக்கம். பத்து போல்ட் கொண்ட எங்கள் லாரியில் பின்பக்க இரட்டைச் சக்கரங்களைக் கழற்றி டயர் மாற்றிய பின், வீல் ஸ்பேனரில் நீண்ட குழாயைச் செருகி முழு பலத்துடன் முறுக்கியிருந்தும், நாமக்கல்லிலிருந்து சேலம் சேர்வதற்குள் இரண்டு நட்டுகள் தளர்ந்திருந்தன. காரணம் என்ன?

மறுமொழி 1:
ஐயா, பலம் போதாமல் இது நேரவில்லை. டிஸ்க்கும் (போல்ட் துளைகள் உள்ள சக்கரத் தட்டு) பிரேக் டிரம்மும் ஒட்டும் முகத்தில் துருவோ, மண்ணோ, புதிதாக அடித்த பெயிண்டோ இருந்தால், வண்டி ஓடும்போது அந்தப் படலம் நசுங்கி, போல்ட்டின் பிடிமானம் குறைந்துவிடும். இரட்டைச் சக்கரத்தில் இத்தகைய முகங்கள் கூடுதல். கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்த்துவிட்டு, எதிரெதிர் நட்டுகளாக, டார்க் ஸ்பேனரை (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கொண்டு கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள்.

மறுமொழி 2:
குழாய் போட்டு முறுக்குவதை முதலில் நிறுத்துங்கள். அளவு மீறினால் போல்ட்டே நீண்டு பலவீனமாகிவிடும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் மறுபடி சரிபார்ப்பது கட்டாயம், ஆனால் பலர் செய்வதில்லை. நட்டின் அடியிலிருந்து டிஸ்க்கில் துருக்கோடு வழிந்திருந்தால், அது தளர்ந்திருக்கக்கூடும்.

மறுமொழி 3:
தளர்ந்த நிலையில் ஓடியிருப்பதால், டிஸ்க்கின் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்துள்ளனவா என்றும் பாருங்கள். தேய்ந்திருந்தால் டிஸ்க்கை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.