ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்த்ததில் இன்னும் மனதை அரிக்கும் அனுபவம் எது?

ஆறாம் தந்தி:
50 வாட் கிதார் ஆம்ப், கண்ணாடிக் குழாய்களான வால்வுகள் சத்தத்தைப் பெருக்கும் வகை. இரண்டாவது பாடலின் நடுவில் சத்தம் சட்டென்று கால்வாசியாக இறங்கியது. கரகரப்பு இல்லை, உறுமல் இல்லை; போர்வை போட்டு மூடியது போல அடங்கிப்போனது. ஆத்திரத்தில் ஆறு தந்திகளையும் சேர்த்து ஓங்கி அடித்தேன், முழுச் சத்தமும் திரும்பி வந்தது. டிரம்ஸ் வாசிக்கும் தம்பி அன்றே சொன்னான்: "அண்ணா, ஓங்கி அடித்தால் வருகிறதே, எங்கோ தொடர்பு விட்டுவிட்டு ஒட்டுகிறது." நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முன்கட்டத்தின் சின்ன வால்வுகளான மூன்று 12ஏஎக்ஸ்7-களையும் மாற்றினேன். பவர் வால்வு இரண்டையும் மாற்றிப் பயஸ் வைத்தேன், அதாவது சும்மா இருக்கும்போது அவற்றில் ஓடும் மின்னோட்டத்தைச் சரிசெய்தேன். பழுதுபார்ப்பவர் ஒருவர் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது என்று அடித்துச் சொன்னார். அதையும் வாங்கத் துணிந்திருந்தபோதுதான், பின்பக்கம் எக்கோ போன்ற வெளிக்கருவிகளை இணைக்கும் எஃபெக்ட்ஸ் லூப்பின் 'சென்ட்' துளைக்கும் 'ரிட்டர்ன்' துளைக்கும் நடுவே ஒரு சின்னக் கேபிளைச் செருகிப் பார்த்தேன். கிதாரைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். செருகிய நொடியே அது தானாக ஊளையிட ஆரம்பித்தது. இரண்டு வாரங்களாகக் கேட்காத சத்தம்.

ரிட்டர்ன் ஜாக்கின் உள்ளே ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. எதுவும் செருகாதபோது சிக்னல் அதன் வழியாகத்தான் கடந்துபோகிறது. எட்டு ஆண்டுகளில் அந்தத் துளையை நான் ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை.

ஈயப்புகை:
கேபிளைச் செருகியதோடு விட்டுவிட்டீர்கள் என்றால் அது பழுதுபார்த்ததாகாது. நோய் எதுவென்று கண்டுபிடித்திருக்கிறீர்கள், மருந்து இன்னும் கொடுக்கவில்லை. எனக்கும் இதே பழுதுதான் வந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்தேன், ஆறு மாதத்தில் திரும்ப வந்தது, ஜாக்கையே மாற்றினேன், முடிந்தது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கிளீனரை அடித்துவிட்டுப் பிளக்கைப் பத்துப் பதினைந்து முறை செருகி எடுங்கள். தகட்டில் படிந்த கறுப்பு உராய்ந்துதான் போகும், திரவம் மட்டும் அதை முழுதாகக் கரைக்காது. பிறகு பிளக் இல்லாத நிலையில் மல்டிமீட்டரை அந்தத் தொடர்பின் குறுக்கே வையுங்கள். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். எண் தத்தளித்தால் தகட்டின் அழுத்தம் தளர்ந்துவிட்டது என்று பொருள். போர்டில் நேரடியாகப் பற்றவைத்த ஜாக் என்றால் ஒவ்வொரு காலையும் பூதக்கண்ணாடியால் பாருங்கள். பிளக்கை இழுத்து இழுத்து, ஈயத்தைச் சுற்றி முடி அளவில் ஒரு வட்டக் கீறல் விழுந்திருக்கும். சத்தம் வந்துகொண்டிருக்கும்போது உலர்ந்த மரக்குச்சியால் மெல்லத் தட்டினாலும் தெரிந்துவிடும்: தட்டும் இடத்தில் ஸ்பீக்கர் படபடவென்று வெடித்தால் பழுது அங்கேதான். உலோகத்தால் தட்டவே கூடாது.

செந்தகடு:
ஆறாம் தந்தி, வால்வை மாற்றியதற்காக வருந்தாதீர்கள். எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறோம். ஆனால் மாற்றிய பிறகும் பழுது அதே இடத்தில் நின்றால், வால்வை விட்டுவிட வேண்டும். அதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

அறை விளக்கை அணைத்துவிட்டு என் ஆம்பைப் பின்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இழையின் ஆரஞ்சு வெளிச்சம் எப்போதும் இருப்பதுதான். ஆனால் ஒரு இஎல்34 பவர் வால்வின் உள்ளே, சாம்பல் நிறத் தகட்டின் நடுவே, கட்டைவிரல் நகம் அளவுக்கு, ஊதிய கரியைப் போல ஒரு சிவப்பு. பார்க்கப் பார்க்க அது பரந்தது. ஸ்பீக்கரில் உறுமல் ஏறியது. என் கை சுவிட்சுக்குப் போவதற்குள் ஃபியூஸ் போய்விட்டது.

புதிய ஜோடி போட்டேன். பத்து நிமிடத்தில் அதே சாக்கெட்டில் அதே சிவப்பு. வால்வு கெட்டிருந்தால் சிவப்பும் வால்வோடு போயிருக்க வேண்டும், போகவில்லை. இரண்டையும் கழற்றிவிட்டு, வால்வின் மின்னோட்டத்தை அடக்கிவைக்கும் மைனஸ் மின்னழுத்தம் வரும் ஐந்தாவது பின்னைச் சாக்கெட்டுகளில் அளந்தேன்: ஒன்றில் மைனஸ் 38 வோல்ட், மற்றதில் மைனஸ் 11. அந்தப் பக்கத்துக் கப்ளிங் கப்பாசிட்டரின் ஒரு காலைப் பிடுங்கியதும் மைனஸ் 38 வந்துவிட்டது. முந்தைய கட்டத்தின் உயர் மின்னழுத்தத்தைத் தடுக்க வேண்டிய கப்பாசிட்டர், அதைக் கசியவிட்டு வால்வை எரித்துக்கொண்டிருந்தது. கடுகளவு கசிவுக்கு இரண்டு வால்வுகளைப் பலிகொடுத்தேன்.

இடதுகை:
எல்லோரும் உள்ளே மீட்டர் வைத்ததையும் காலைப் பிடுங்கியதையும் சொல்கிறீர்கள். மின்தேக்கியில், அதாவது கப்பாசிட்டரில், தேங்கிய மின்சாரத்தைக் காலி செய்ததை ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஈயப்புகை, உங்கள் நீண்ட அறிவுரையில் முதல் வரியே அதுவாக இருந்திருக்க வேண்டும்.

முந்தின இரவு பிளக்கைப் பிடுங்கியாயிற்று. மறுநாள் மாலை திறந்தேன். இடது கை ஆம்பின் உலோகச் சட்டமான சேசிஸின் மேல். ஸ்க்ரூடிரைவர் வழுக்கி, பெரிய ஃபில்டர் மின்தேக்கியின் முனையிலும் சேசிஸிலும் ஒரே நேரத்தில் பட்டது. துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம், நீல வெளிச்சம். ஸ்க்ரூடிரைவரின் முனையில் அரை அரிசி அளவுக்கு உலோகம் ஆவியாகியிருந்தது. மின்சாரத்தை வடிக்க வேண்டிய ரெசிஸ்டர் உள்ளே துண்டித்துப் போயிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. ஸ்க்ரூடிரைவருக்குப் பதில் என் வலது விரல் அங்கே பட்டிருந்தால், அந்த மின்சாரம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு நெஞ்சின் வழியாகப் போயிருக்கும். அந்த ஸ்க்ரூடிரைவரை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஈயப்புகை:
ஒப்புக்கொள்கிறேன், முதலில் சொல்லியிருக்க வேண்டியது அதுதான். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரின் ஒரு காலைச் சேசிஸில் கவ்வவிட்டு, மறு காலை உறையிட்ட கிளிப்பால் மின்தேக்கியின் பாசிட்டிவ் முனையில் பிடியுங்கள், ஒரு கையால் மட்டும். அரை நிமிடம் விட்டுவிட்டு மீட்டரால் அளந்து, சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பிறகே விரலை வையுங்கள்.

நிலக்கம்பி:
உறுமல் போகவில்லை என்று நான் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டினேன். உறுமல் போனது. அன்று மாலை பாடகர் என் கிதாரை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு மைக்கில் வாயை வைத்தார்; உதட்டில் பொறி தட்டிப் பின்னால் விழுந்தார். எர்த் இல்லாத சேசிஸில் ஏறிய மின்சாரம் கிதாரின் தந்திகள் வழியாக அவர் உடலுக்கு வந்திருந்தது. எழுந்துவிட்டார், நலமாக இருக்கிறார். ஆனால் அன்றுமுதல் மைக்கைத் தொடுவதற்கு முன்பு புறங்கையால் ஒருமுறை தட்டிப் பார்க்கிறார்.

ஆறாம் தந்தி:
இன்று சேசிஸைக் கழற்றினேன். இடதுகை சொன்னபடி மீட்டரை முதலில் வைத்தேன்: 3 வோல்ட். ஜாக்கின் தகடு தீக்குச்சித் தலையைப் போலக் கறுத்திருந்தது. புதியது பற்றவைத்தாயிற்று. கழற்றி எறியாமல் வைத்திருந்த பழைய ஐந்து வால்வுகளையும் திரும்பப் போட்டுப் பயஸ் வைத்தேன். எல்லாம் நன்றாகவே வேலை செய்கின்றன. தம்பியை இன்றிரவு தொலைபேசியில் அழைக்கப் போகிறேன்.