புதுப்பிப்பு: சேலத்திலிருந்தே கேட் (CAT) தேர்வுக்குப் படிப்பது

எம்.பி.ஏ. படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வுக்காக, வேலையை விட்டுவிட்டு கோவையில் பயிற்சி மையத்தில் சேரலாமா, சேலத்திலிருந்தே படிக்கலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பலரும் "ஊரிலேயே இருங்க" என்றீர்கள். இருந்துவிட்டேன். பகலில் செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவின் கொலுசுப் பட்டறை, இரவில் படிப்பு.

கணக்கு ஓரளவு கைக்கு வந்துவிட்டது. டச் (வெள்ளியின் தூய்மை அளவு), சேதாரம், கூலி என்று தினமும் சதவீதத்தோடுதான் பிழைப்பு. கலவைக் கணக்கைப் பார்த்தால் வெள்ளியில் செம்பு சேர்க்கிற மாதிரியே இருக்கிறது.

படுத்துவது தரவும் தர்க்கமும் உள்ள பகுதிதான். பிரிவுக்கு 40 நிமிடம், நேரம் முடிந்தால் அடுத்த பிரிவுக்குத் தள்ளிவிடும், திரும்பி வர முடியாது. ஒரு மாதிரித் தேர்வில், ஐந்து பேரை வட்ட மேசையில் உட்காரவைக்கும் ஒரே கேள்வித் தொகுப்பில் பாதி நேரம் போய்விட்டது. இப்போதெல்லாம் முதலில் எல்லாத் தொகுப்பையும் ஒரு பார்வை பார்த்து, எதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்கிறேன். சரியான விடைக்கு 3 மதிப்பெண், கொடுத்த விடைகளில் தவறானதைத் தேர்ந்தெடுத்தால் 1 போய்விடும். விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்கு அந்த இழப்பு இல்லை, அதனால் அவற்றில் துணிந்து விடை போடுகிறேன்.

ஆங்கிலப் பத்திகளுக்குக் குறுக்குவழி எதுவும் கிடைக்கவில்லை. தினமும் ஒரு தலையங்கம், அவ்வளவுதான்.

அப்புறம், தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. சேர அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வும் எழுதப்போகிறேன். கட்டணம் குறைவான அரசுக் கல்லூரி கிடைத்தால் அப்பாவுக்கும் நிம்மதி. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.