22 பெண் பிள்ளைகள், 8 பந்து: கால்பந்தின் அடிப்படையை எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

செம்மண் மைதானம்:
எல்லோருக்கும் வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளி. 9 வயதிலிருந்து 13 வயது வரை 22 பெண் பிள்ளைகள் கால்பந்துக்குப் பேர் கொடுத்திருக்காங்க. செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் 4.15 முதல் 5.15 வரை நேரம். கையில் 8 பந்து இருக்கு. ஐந்து 5ஆம் அளவு, மூன்று 4ஆம் அளவு. தரை இறுகிப்போன செம்மண். பாதிப் பேருக்கு ஷூ இல்லை.

விதிகள் எனக்குத் தெரியும், சொல்லிக்கொடுக்கும் முறைதான் தெரியலை. எல்லாரும் விரல் நுனியால்தான் உதைக்கிறாங்க. பந்து வேகமா வந்தா காலைத் தூக்கிட்டு ஒதுங்கிடறாங்க. ஆட்டம்னு விட்டா மொத்தப் பேரும் பந்து பின்னாடி ஈ மொய்க்கிற மாதிரி ஓடறாங்க. ரெண்டு மூணு கெட்டிக்காரப் பிள்ளைகள் மட்டும் விளையாடி முடிச்சிடறாங்க. எதை முதலில் சரி பண்ணணும்? தலையால் முட்டுவதை இந்த வயசில் சொல்லித் தரலாமா?

ஊன்றுகால்:
டீச்சர், முதல் வேலையா வரிசையில் நிறுத்துவதை விட்டுடுங்க. 22 பேர் ஒரே வரிசையில் நின்னு ஆளுக்கு 10 விநாடி எடுத்தா, ஒரு பிள்ளைக்கு அடுத்த முறை வர 3 நிமிஷம் 40 விநாடி ஆகும். கால் மணி நேரத்தில் நாலு தடவைதான் பந்து காலில் படும். கால்பந்து காலில் பட்டுப் பட்டுத்தான் வரும்.

உங்க கணக்குக்கு ஒரு வழி: 12 பேரை ஆறு ஜோடியாக்குங்க, ஆறு பந்து. மீதி 10 பேரை ஐந்தைந்து பேரா ரெண்டு கூட்டமாக்கி, ஒவ்வொரு கூட்டத்திலும் 3 பேருக்கு எதிரா 2 பேர். அதுக்கு ரெண்டு பந்து. 12 நிமிஷத்துக்கு ஒருமுறை மாத்துங்க. அப்போ 10 பேர் ஐந்து ஜோடி, 12 பேர் மூணுக்கு மூணா ரெண்டு ஆட்டம். ஒரு பந்து மிச்சம் கிடக்கும்.

பந்து விஷயம். 5ஆம் அளவு 410 முதல் 450 கிராம், 4ஆம் அளவு 350 முதல் 390 கிராம். வெறுங்காலில் அந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். 4ஆம் அளவு மூணையும் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுங்க. பெரிய பந்துகளில் காற்றைக் கொஞ்சம் இறக்குங்க: கட்டைவிரலால் அழுத்தினா லேசா அமுங்கணும், தரையில் போட்டா முழங்காலுக்கு மேல எகிறக் கூடாது. கல் மாதிரி இறுகின பந்தை வெறுங்காலால் ஒரு தடவை உதைச்ச பிள்ளை, அடுத்த தடவை காலை ஒதுக்கத்தான் செய்யும். உங்க இரண்டாவது பிரச்சினையில் பாதி அங்கேயே இருக்கு.

இப்போ விரல் நுனி உதை. எல்லாரும் உதைக்கிற காலையே திருத்துவாங்க. தப்பு பெரும்பாலும் ஊன்றுகிற காலில்தான். ஓடி வர்ற பிள்ளை இடது காலைப் பந்துக்கு ஒரு அடி பின்னாடியே ஊன்றிடும். அங்கேயிருந்து பந்தை எட்டணும்னா காலை நீட்டித்தான் ஆகணும், நீட்டினா விரல்தான் முதலில் படும். அதனால ஓட்டமே இல்லாம, நின்ன இடத்தில் ஆரம்பிங்க.

சுண்ணாம்புப் பொடியால் தரையில் ஒரு வட்டம் போடுங்க, அது பந்து. வட்டத்துக்குப் பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளி ஒரு பாதம் வரைங்க. பாதத்தின் விரல்கள் எதிரே நிற்கிற தோழியைப் பார்க்கணும். பிள்ளை அந்தப் பாதத்தின் மேல் இடது காலை வச்சு, முட்டியை லேசா மடக்கி நிற்கட்டும். உதைக்கிற காலை வெளிப்பக்கமா திருப்பி, விரலை மேல் நோக்கி இழுத்து, கணுக்காலை இறுக்கணும். படவேண்டிய இடத்தைப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லலாம்: கொலுசு விழும் இடத்துக்குக் கீழே, பாதத்தின் உள்பக்கத்தில், பெருவிரல் எலும்புக்கும் குதிகாலுக்கும் நடுவில் இருக்கிற பள்ளம். அந்தப் பள்ளம் பந்தின் சரிபாதியில் படணும். பட்ட பிறகும் கால் தோழி பக்கம் கொஞ்சம் போகணும்.

பந்தைப் பார்த்தே தப்பைக் கண்டுபிடிச்சிடலாம். பந்து எகிறினா உடம்பு பின்னாடி சாயுது, இல்லைன்னா பந்தின் அடியில் படுது. நேராப் போகாம ஒரு பக்கம் விலகினா, ஊன்றின காலின் விரல்கள் எந்தப் பக்கம் பார்க்குதுன்னு பாருங்க. சக்தியே இல்லாம சுழன்டுகிட்டுப் போனா கணுக்கால் தொளதொளன்னு இருக்கு.

நாலு மீட்டர் தூரம் போதும். நடுவில் ரெண்டு கல்லை ஒரு மீட்டர் இடைவெளியில் வைங்க. பத்தில் எட்டு அதுக்குள்ளே போச்சுன்னா ஆறு மீட்டருக்குத் தள்ளி நில்லுங்க. ஓடி வந்து உதைப்பது அதுக்கப்புறம்.

நெய்தல்நிலம்:
ஊன்றுகால் சொன்னதை அப்படியே ஒத்துக்கிறேன். கூடவே, பந்து தொடுறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியவை சில இருக்கு.

கொலுசு, வளையல், தோடு, மூக்குத்தி, கழுத்துக் கயிறு எல்லாத்தையும் கழற்றச் சொல்லுங்க. ஆட்ட விதி 4 எந்த நகையையும் அனுமதிக்காது. மேலே டேப் ஒட்டி மறைச்சாலும் செல்லாது. போட்டிக்குப் போன இடத்தில் நடுவர் சொல்லித் தெரிஞ்சுக்க வேண்டாம். புதுசா மூக்குக் குத்தினதால் கழற்ற முடியாதுன்னு ஒரு பிள்ளை சொன்னா, புண் ஆறும் வரை அந்தப் பிள்ளைக்கு மோதல் இல்லாத தனிப் பயிற்சி மட்டும். துப்பட்டா கூடவே கூடாது. ரெட்டைச் சடையை மடக்கி ரிப்பனால் கட்டிடலாம். ஊசியும் உலோகக் கிளிப்பும் வேண்டாம். மேல்சட்டை தளர்வா, முழங்கால் தாண்டின டிராக் பேண்டோட இருந்தா பிள்ளைகளும் கூச்சப்படாம ஓடுவாங்க, வீட்லயும் மறுப்பு வராது.

11, 12 வயசில் சிலருக்கு மாதவிடாய் ஆரம்பிச்சிருக்கும். “இன்னிக்கு ஓரமா இருக்கேன்”னு சொன்னா எல்லார் முன்னாடியும் காரணம் கேட்காதீங்க. விளையாட விரும்பினா தாராளமா விளையாடலாம், அதில் தப்பே இல்லை. வேண்டாம்னா கட்டாயப்படுத்தக் கூடாது. கழிவறையில் தண்ணி வருதா, நாப்கின் இருக்கான்னு 4 மணிக்கே பார்த்துடுங்க. எத்தனையோ பிள்ளைகள் விளையாட்டை விடுவது இந்த ஒரு விஷயத்தில்தான். 12.30க்குச் சாப்பிட்ட வயிறு 4.15க்குக் காலியாத்தான் இருக்கும். ஒரு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ கொடுத்துட்டு ஆரம்பிங்க. 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணி.

பந்து பயத்துக்கு: உதைச்ச பந்தை நிறுத்தச் சொல்லாதீங்க. மூணு மீட்டரிலிருந்து கையால் உருட்டி விடுங்க. வாங்குற பிள்ளை பாதத்தைத் தரையிலிருந்து பந்தின் பாதி உயரத்துக்குத் தூக்கி, உள்பக்கத்தைக் காட்டணும். பந்து படுற நேரத்தில் காலைக் கொஞ்சம் பின்னாடி இழுக்கணும். தூக்கிப் போட்ட முட்டையைக் கையில் பிடிக்கிற மாதிரின்னு சொன்னா சட்டுனு பிடிச்சுக்குவாங்க. உதைக்கும்போது கணுக்கால் இறுக்கம், வாங்கும்போது தளர்வு: இந்த ரெண்டும் குழம்பினாத்தான் பந்து காலில் பட்டு மூணு மீட்டர் துள்ளிப் போகும். உள்ளங்காலை மேலே வச்சு அமுக்குறதை ஆரம்பத்தில் பழக்காதீங்க. பந்து தப்பினா அது மேலயே ஏறி வழுக்கி, கணுக்கால் மடங்கும்.

செம்மண் மைதானம்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பாதம் வரைஞ்சு காட்டுறது நாளைக்கே செய்யலாம். வலது காலில் சரியா வந்த பிறகுதான் இடது காலா? அந்த மொய்க்கிறதுக்கு என்ன வழி?

வலப்பக்கக் கோடு:
இடது காலுக்குக் காத்திருக்க வேண்டாம். முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு பயிற்சியிலும் கடைசி மூணு நிமிஷம் இடது காலுக்குன்னு ஒதுக்குங்க. தூரத்தை மட்டும் பாதியாக்குங்க.

மொய்க்கிறது 9, 10 வயசுக்கு இயல்பு. “பரவுங்க, பரவுங்க”ன்னு கத்தினா நடக்காது, அந்த வயசுக்குப் பந்து மட்டும்தான் கண்ணில் படும். ஆடுகளத்தை மாத்தினா அவங்களே பரவுவாங்க. 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், நாலுக்கு நாலு, கோல்கீப்பர் கிடையாது. ஒவ்வொரு அணிக்கும் ஒரு கோலுக்குப் பதிலா ரெண்டு சின்ன கோல், அகலக் கோட்டின் ரெண்டு மூலையிலும் ரெண்டு மீட்டர் அகலத்தில் வைங்க. நடுவில் ஒரே கோல் இருந்தா எல்லா வழியும் நடுவுக்குத்தான் போகும். ரெண்டு இருந்தா, கூட்டம் வலது மூலையில் மொய்க்கும்போது இடது மூலை ஆளில்லாம கிடக்கும். அதை ஒரு பிள்ளை பார்த்துத் திரும்பின உடனே ஆட்டத்தை ஒரு நொடி நிறுத்தி, என்ன பார்த்தன்னு அவகிட்டயே கேளுங்க. மத்தவங்களுக்கும் கண் திறக்கும்.

கெட்டிக்காரப் பிள்ளைகளை அணிக்கு ஒருத்தரா பிரிச்சுப் போடுறதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படிப் பிரிச்சா ஒவ்வொரு அணியிலும் ஒருத்தி ஓடுவா, மூணு பேர் வேடிக்கை பார்ப்பாங்க. பயிற்சி நாளில் அவங்களை ஒரே ஆட்டத்தில் எதிரெதிரா விடுங்க. புதுசா வந்தவங்க தனி ஆட்டத்தில் ஆடட்டும். ரெண்டு பக்கமும் பந்து காலில் படும். அதே மாதிரி, குண்டா இருக்கிறா, மெதுவா ஓடுறான்னு ஒரு பிள்ளையை நிரந்தரமா கோல் கம்பத்தில் நிறுத்தாதீங்க. 13 வயசு வரைக்கும் எல்லாரும் எல்லா இடத்திலும் ஆடட்டும்.

கோன் (தரையில் வைக்கிற கூம்பு) வரிசையில் பந்தோட வளைஞ்சு வளைஞ்சு ஓட்டுறதுக்கு அதிக நேரம் கொடுக்க வேண்டாம். கோன் காலை நீட்டிப் பந்தைப் பறிக்காது. 10 மீட்டர் சதுரத்தில் ஆறு பேர் ஆளுக்கொரு பந்தோட. தன் பந்தை விடாம, அடுத்தவங்க பந்தைத் தட்டி வெளியே அனுப்பணும். ரெண்டு நிமிஷத்தில் எல்லாரும் தலையைத் தூக்கி ஓட்டக் கத்துக்குவாங்க. வெளியே போன பிள்ளை பந்தைக் காலால் பத்துத் தட்டு தட்டிட்டு உள்ளே வந்திடலாம். வெளியேத்திட்டா, அதிகப் பயிற்சி தேவைப்படுற பிள்ளைதான் முதலில் சும்மா நிற்கும்.

தலையால் முட்டுவது இப்போ வேண்டாம். அமெரிக்காவில் 2015இல் 10 வயது வரைக்கும் அதை நிறுத்தி, 11 முதல் 13 வயது வரை பயிற்சியில் அளவு வச்சாங்க. இங்கிலாந்திலும் 2020 முதல் தொடக்கப்பள்ளி வயதினருக்குப் பயிற்சியில் கிடையாது. பந்து உயரமா வந்தா தொடையாலோ நெஞ்சாலோ இறக்கட்டும்.

அதைவிட முக்கியம் முழங்கால். பருவமடைஞ்ச பிறகு பெண்களுக்கு முழங்காலுக்குள்ளே இருக்கிற முன் குறுக்குத் தசைநார் (ACL) கிழியும் வாய்ப்பு ஆண்களைவிட அதிகம். குதிச்சு இறங்கும்போது ரெண்டு முட்டியும் உள்பக்கமா ஒட்டுவது அதுக்கு ஒரு காரணம். ஒற்றைக் காலில் குதிச்சு மூணு எண்ணும் வரை அசையாம நிற்கச் சொல்லுங்க, காலுக்கு ஐந்து. முட்டி நடுவிரலுக்கு நேரா இருக்கணும், உள்ளே விழக் கூடாது. 7 முதல் 13 வயதுக்கு ஃபிஃபா 11 பிளஸ் கிட்ஸ்னு ஏழு பயிற்சி கொண்ட ஒரு வார்ம்-அப் இருக்கு, 15 முதல் 20 நிமிஷம். நாலு ஐரோப்பிய நாடுகளில் அதை முறையா செஞ்ச பிள்ளைகளுக்குக் காயம் ஏறக்குறைய பாதியா குறைஞ்சதா 2018இல் ஆய்வு வெளிவந்திருக்கு. முழுசும் செய்ய நேரம் இல்லைன்னாலும் இந்த ஒற்றைக்கால் நிற்பை மட்டும் விடாதீங்க.

நெய்தல்நிலம்:
வலப்பக்கக் கோடு சொன்ன சதுர ஆட்டத்தில் ஒண்ணு கவனிங்க டீச்சர்: ஷூ போட்ட பிள்ளையையும் வெறுங்கால் பிள்ளையையும் ஒரே சதுரத்தில் விடாதீங்க. ஒரு மிதியில் நகம் பெயர்ந்திடும். ஷூ வர்ற வரைக்கும், எதிரெதிரா ஆடுற எந்த ஆட்டமானாலும் எல்லாரும் வெறுங்கால், இல்லைன்னா ரெண்டு கூட்டமும் தனித்தனி. தினமும் ஆரம்பிக்கும் முன்னாடி 22 பேரும் கைகோர்த்து மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவா நடந்து கல், கண்ணாடி, முள் பொறுக்கட்டும். ரெண்டு நிமிஷ வேலை.

செம்மண் மைதானம்:
கவனத்தில் வச்சுக்கிறேன். வியாழக்கிழமை ரெண்டு கோல் ஆட்டம் போட்டுப் பார்த்துட்டு இங்கே எழுதறேன்.