மியான்மர்ல இருக்கற ஏனாஞ்சாங் மாதிரி பழைய எண்ணெய் வயல்ல இப்போ 3டி சீஸ்மிக் (தரைய அதிர வச்சு, திரும்பி வர்ற எதிரொலிய வச்சு பூமிக்குள்ள படம் பிடிக்கிற சர்வே) எடுத்தா என்ன கிடைக்கும்?

தன்லின்காரன்:
வணக்கம். எங்க தாத்தா ஏனாஞ்சாங் ரிக்ல வேலை பாத்தவரு, அந்த ஊர் பேச்சு எங்க வந்தாலும் நின்னு கேப்பேன். பரம்பரையா கிணத்து உரிமை வச்சிருந்த த்வின்ஸா குடும்பங்க கையால கிணறு தோண்டி எண்ணெய் எடுத்த இடம், அப்புறம் 1880கள்ல பர்மா ஆயில் கம்பெனி மெஷினோட வந்துச்சு, 1942 ஏப்ரல்ல வெள்ளைக்காரன் ஜப்பான்காரன் கைக்குப் போகக்கூடாதுன்னு எல்லாத்தையும் நாசம் பண்ணிட்டுப் போனான், அதுக்கப்புறமும் எண்ணெய் வந்துகிட்டேதான் இருக்கு. சல்லடை மாதிரி துளை போட்ட நிலத்துல திரும்ப சர்வே எதுக்கு?

பாறைக்காதன்:
தம்பி, துளை நெறைய இருக்குன்னா எண்ணெய் தீந்துபோச்சுன்னு ஆகாது. உலகத்துல பொதுவா ஒரு வயல்ல இருக்குறதுல மூணுல ஒரு பங்குதான் மேல வருது. ஏனாஞ்சாங்ல பாறை அடுக்கு மேல வளைஞ்சு நிக்குது, அதை ஃபால்ட் (பாறை உடைஞ்சு நகர்ந்த வெடிப்பு) குறுக்கும் நெடுக்குமா வெட்டியிருக்கு. ஃபால்ட் அடைச்சு நின்னா ஒவ்வொரு துண்டும் தனித் தொட்டிதான், ஒண்ணு காலியானாலும் பக்கத்துத் துண்டுல எண்ணெய் அப்படியே கிடக்கலாம். 2டி சர்வே ஒரு கோட்டு (லைன்) வழியா எடுக்கறது, அந்தக் கோட்டுக்குக் கீழ இருக்கறத மட்டும்தான் காட்டும், ரெண்டு லைனுக்கு நடுவுல ஃபால்ட் எப்படி ஓடுதுன்னு மனுஷன் யூகிச்சுத்தான் வரையணும், போதாததுக்கு பக்கவாட்டுல இருந்து வர்ற எதிரொலியும் அதே படத்துல விழுந்து குழப்பும். 3டில ஜியோஃபோன்ங்கற அதிர்வு பிடிக்கிற கருவிய கட்டம் கட்டமா விரிச்சு, வைப்ரேட்டர் லாரியால தரைய அதிர வச்சு, எதிரொலி எங்கேருந்து வந்துச்சோ அங்கயே கொண்டுபோய் வைக்கலாம். வடகடல்ல ஃபோர்டீஸ் வயல் 1970ல கண்டுபிடிச்சது, 2003ல பிபி எண்ணெய் கம்பெனி அதை அப்பாச்சிங்கற கம்பெனிக்கு வித்துச்சு, வாங்குனவங்க புது சர்வேய பழைய சர்வேயோட ஒப்பிட்டு, தண்ணி எங்க ஏறியிருக்கு எண்ணெய் எங்க ஒதுங்கி நிக்குதுன்னு பாத்து புதுக்கிணறு போட்டாங்க.

மக்வேபக்கம்:
அண்ணன் சொல்றது சரிதான், ஆனா அது கடல், கப்பல் நேரா போகும். இங்க வீடு, பகோடா, பள்ளத்தாக்கு, கைக்கிணறு, மூடாம விட்ட பழைய துளை, லாரிய எங்க கொண்டுபோய் நிறுத்துவீங்க? நான் கேட்டா முதல்ல பழைய கிணத்து ரெக்கார்ட ஒழுங்கு பண்ணுங்கம்பேன். சீஸ்மிக் குடுக்கறது எதிரொலி வர்ற நேரம்தான், அதை ஆழமா மாத்த பாறைல சத்தம் என்ன வேகத்துல போகுதுன்னு தெரியணும், அது கிணத்துல இருந்துதான் வரணும். அந்தக் காலத்துக் கிணத்துல சோனிக் லாக் (கிணத்துக்குள்ள கருவி இறக்கி அந்த வேகத்த அளந்த பதிவு) ஏது? வேகம் தப்புன்னா படம் எவ்ளோ அழகா இருந்தாலும் துளை ஃபால்ட்டுக்கு அந்தப்பக்கம் போயிடும்.

தன்லின்காரன்:
அப்போ கையில இருக்கற பழைய 2டிய புதுக் கம்ப்யூட்டர்ல திரும்ப ஓட்டினா?

பாறைக்காதன்:
அதத்தான் முதல்ல செய்யணும், ஃபீல்டுக்குப் போறத விட செலவு ரொம்பக் கம்மி. ஆழமில்லாம மேல இருக்கற கேஸ், கீழேருந்து வர்ற சிக்னல மங்க வைக்கும், அதுக்கும் இப்போ நல்ல வழி இருக்கு. கூடவே புதுசா ஒரு கிணத்துல சோனிக் லாக் எடுத்து வேகத்த உறுதி பண்ணுங்க, எந்தத் துண்டு சந்தேகமா இருக்கோ அந்த இடத்துல மட்டும் சின்னதா 3டி போடலாம். மக்வே தம்பி சொன்ன அந்த மூடாத துளைங்கள மேப்ல குறிக்காம ஒரு லாரியக்கூட உள்ள விடக்கூடாது, அது உயிர் விஷயம்.